ஒவ்வொரு பாகமும் பாஸ், ரொக்கெட் மட்டும் பெயில்

உயர்தரத்தில் ஐ.சி.ரி. செய்யும் பிள்ளைகளிடம் மென்பொருள் சோதனை பற்றிக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை, முறைமைச் சோதனை, ஏற்புச் சோதனை. வினாத்தாளில் வந்தால் எழுதி புள்ளி எடுத்துவிடலாம். ஆனால் ஏன் நான்கு? முதலாவதை ஒழுங்காகச் செய்துவிட்டால் மற்ற மூன்றும் எதற்கு? ஒவ்வொரு துண்டும் சரி என்றால் முழுவதும் சரிதானே? இப்படிக் கேட்கும் பிள்ளை மிகக் குறைவு. கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. நீண்ட கதை. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள், ஆசிரிய நண்பர்கள் வகுப்பிலும் சொல்லுங்கள்.

1996 ஜூன் 4. தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 1987இல் அனுமதி கொடுத்து, ஏறத்தாழ பத்து வருடம் உழைத்துக் கட்டிய அரியான் 5 ரொக்கெட்டின் முதல் பயணம். உச்சியில் நான்கு செய்மதிகள். கிளஸ்டர் என்று பெயர். நான்கும் ஒரு நான்முகி வடிவில் ஒன்றாகப் பறந்து பூமியின் காந்த மண்டலத்தை அளக்க வேண்டும் என்பது திட்டம். அந்தச் செய்மதிகளுக்காகப் பல நாட்டு விஞ்ஞானிகள் தம் வாழ்வின் நல்ல வருடங்களைச் செலவழித்திருந்தார்கள்.

அன்று காலை வானம் தெளிவில்லாமல் ஏவுதல் சுமார் ஒரு மணிநேரம் பிந்தியது. உள்ளூர் நேரம் 9.34 அளவில் இயந்திரம் பற்றியது. ரொக்கெட் நேராக, அழகாக எழுந்தது. 37ஆவது செக்கன் அளவில் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. 39ஆவது செக்கனில் காற்றின் விசை தாங்காமல் பிய்யத் தொடங்கி, தன்னைத் தானே அழிக்கும் பொறி இயங்கி, ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தது. சுமார் 12 சதுர கிலோமீற்றர் பரப்பில் சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் துண்டுகள் விழுந்தன.

காரணம் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவர் ஷாக்-லூயி லியோன்ஸ், பிரான்ஸின் பெரும் கணித அறிஞர். குழு ஜூலை 19ஆம் திகதியே அறிக்கை கொடுத்துவிட்டது. ஆறரைக் கிழமை! நம் நாட்டில் விசாரணைக் குழுக்கள் எடுக்கும் காலத்தோடு இதை ஒப்பிட வேண்டாம், மனம்தான் கஷ்டப்படும்.

அறிக்கை சொன்ன கதை இது. ரொக்கெட் தான் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அறிய அதற்குள் ஒரு சடத்துவ வழிகாட்டல் பெட்டி உண்டு. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கட்டும் என்று இரண்டு பெட்டிகள். இரண்டிலும் ஒரே மென்பொருள். அந்த மென்பொருள் முந்திய ரொக்கெட்டான அரியான் 4இலிருந்து எடுத்தது. அங்கே நன்றாக வேலை செய்தது, எனவே மாற்றத் தேவையில்லை என்று அப்படியே வைத்தார்கள்.

அதற்குள் ஒரு சின்னக் கணக்கு. ரொக்கெட்டின் கிடை வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெறுமானத்தை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றுவது. 16 பிட்டில் குறியுடன் எழுதக்கூடிய ஆகப்பெரிய எண் 32,767 என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியும். அரியான் 4 மெதுவாகச் சாய்ந்து செல்லும் ரொக்கெட். அதில் அந்தப் பெறுமானம் எல்லைக்கு அருகில்கூட வராது. அரியான் 5 தொடக்கத்திலேயே அதைவிடப் பல மடங்கு கிடை வேகம் எடுக்கும். எண் கொள்ளவில்லை. மென்பொருள் வழுவை அறிவித்தது. வழு வந்தால் பெட்டியை நிறுத்திவிடு என்பது கட்டளை, ஆகவே பெட்டி நின்றது.

உதவிக்கு இருந்த இரண்டாம் பெட்டி? அது 72 மில்லிசெக்கன் முன்னதாகவே இதே காரணத்தால் நின்றுவிட்டது. ஒரே மென்பொருள், ஒரே தரவு, ஒரே முடிவு. ஒரே விடைத்தாளைப் பார்த்து எழுதிய இரண்டு பிள்ளைகள் ஒரே பிழையை விடுவது போலத்தான்.

நின்றுபோன பெட்டி சும்மா நிற்கவில்லை. தான் ஏன் நின்றேன் என்ற பழுதுக் குறிப்பைப் பிரதான கணினிக்கு அனுப்பியது. பிரதான கணினி அதைப் பழுதுக் குறிப்பு என்று அறியவில்லை, ரொக்கெட்டின் திசைத் தரவு என்று வாசித்தது. ரொக்கெட் பெரிதாகத் திரும்பிவிட்டது என்று நம்பி, நேராக்குவதற்காக இயந்திரங்களின் வாய்களை முழுவதுமாகத் திருப்பியது. நேராகப் போய்க்கொண்டிருந்த ரொக்கெட் அப்போதுதான் கோணலானது.

இன்னொன்றைக் கேளுங்கள். அந்தக் கணக்கு அரியான் 5இல் மேலெழுந்த பிறகு எதற்கும் பயன்படாது. அது தரையில் நிற்கும்போது பெட்டியை நேர்ப்படுத்தும் வேலை. அரியான் 4இல் கடைசிச் செக்கன்களில் ஏவுதலை நிறுத்தினால், மறுபடி நேர்ப்படுத்த 45 நிமிடத்துக்கு மேல் வீணாகும். அதைத் தவிர்க்கவே எழுந்த பின்னும் சிறிது நேரம் ஓடட்டும் என்று விட்டிருந்தார்கள். 1989இல் ஒரு தடவை அது கைகொடுக்கவும் செய்தது. அரியான் 5க்கு அந்தத் தேவையே கிடையாது. பழைய வீட்டின் சாவியைப் புதுவீட்டுக்கும் கொண்டுவந்து கதவில் மாட்டியது போல.

இணையத்தில் இந்தக் கதை ஒற்றை வரியில்தான் சுற்றுகிறது: "64 பிட் எண்ணை 16 பிட்டில் போட்டான், ரொக்கெட் வெடித்தது." யாரோ ஒரு செய்நிரலர் கவனயீனமாக எழுதிவிட்டார் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். இதை நாம் ஏற்கவில்லை. அறிக்கையை வாசித்தால் நீங்களும் ஏற்கமாட்டீர்கள். ஆபத்தாக வரக்கூடிய மாறிகள் ஏழு என்று அந்தப் பொறியியலாளர்கள் முன்னரே எண்ணியிருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்புப் போட்டார்கள், மூன்றை விட்டார்கள். கணினியின் வேலைச்சுமை 80 வீதத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. அந்த மூன்றும் எல்லை மீறாது என்று கணித்தார்கள். அரியான் 4க்கு அந்தக் கணிப்பு சரியே. அதுவும் ஒருவர் இரவோடு இரவாக எடுத்த முடிவு அல்ல, பல மட்டத்துப் பங்காளிகள் கூடி எடுத்தது.

அப்படியானால் பிழை எங்கே பிடிபட்டிருக்க வேண்டும்? நம் பாடத்தில் வரும் மூன்றாவது சோதனையில்.

கேள்விக்குரிய சடத்துவப் பெட்டி தனியாகச் சோதிக்கப்பட்டது, பாஸ். பிரதான கணினியின் மென்பொருள் தனியாகச் சோதிக்கப்பட்டது, அதுவும் பாஸ். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி, பறப்பது போலவே சமிக்ஞை கொடுத்து, ஏவுதல் தொடங்கி முடிவுவரை ஓட்டிப்பார்ப்பதற்கு ஒரு பெரிய சோதனை நிலையம் கட்டியிருந்தார்கள். அங்கே எல்லாம் இருந்தது, அந்தப் பெட்டியைத் தவிர. பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அதுபோல நடிக்கும் ஒரு மென்பொருளை வைத்தார்கள். நடிப்பு மென்பொருள் எப்போதும் ஒழுங்கான விடையே கொடுத்தது. ரொக்கெட் ஒவ்வொரு தடவையும் நலமாக விண்வெளி போய்ச் சேர்ந்தது, கணினித் திரையில்.

ஏன் உண்மைப் பெட்டியை வைக்கவில்லை? காரணம் இல்லாமல் இல்லை. பெட்டி ஏற்கெனவே தனியாகத் தேறிய ஒன்று. அது தரும் அளவுகள் மிக நுண்ணியவை, சோதனை நிலையத்தின் கருவிகளால் அந்த நுணுக்கத்தில் போலிச் சமிக்ஞை உண்டாக்க முடியாது. பெட்டி பழுதானால் என்னவாகும் என்று பார்ப்பதற்கு உண்மைப் பெட்டியைவிட நடிப்புப் பெட்டியே வசதி. பெட்டியின் கடிகாரம் 1 மில்லிசெக்கன், நிலையத்தின் கடிகாரம் 6 மில்லிசெக்கன், இரண்டையும் பொருத்துவது சிரமம். ஒவ்வொன்றும் அறிவுள்ளவர் சொல்லும் காரணம். அதனால்தான் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை போலும்.

தனியாகச் செய்த சோதனை? அங்கேயும் ஒரு ஓட்டை. பெட்டிக்குக் கொடுத்த தேவைப் பத்திரத்தில் அரியான் 5 எந்தப் பாதையில், எந்த வேகத்தில் பறக்கும் என்ற தரவு சேர்க்கப்படவில்லை. அதுவும் எல்லோரும் சம்மதித்து விட்டதுதான். ஆகவே புதிய ரொக்கெட்டின் பாதையில் பழைய பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று உலகில் எங்கேயும், எப்போதும், ஒரு தடவைகூட யாரும் பார்க்கவில்லை. முதல் தடவை பார்த்தது கூரூவில், உண்மை ரொக்கெட்டில்.

விபத்துக்குப் பிறகு அந்த மென்பொருளுக்கு அரியான் 5இன் பாதைத் தரவைக் கொடுத்து ஒரு கணினியில் ஓட்டினார்கள். நடந்த அத்தனையும் வரிசை மாறாமல் மறுபடி நடந்தது. தரையில், ஒருவருக்கும் சேதமில்லாமல்.

அறிக்கையில் யாருடைய பெயரையும் சொல்லிக் குற்றம் சுமத்தவில்லை. மென்பொருள் பற்றி அந்தத் திட்டத்தில் ஊறியிருந்த ஒரு நம்பிக்கையைத்தான் குழு பிடித்தது. பிழை நிரூபிக்கப்படும்வரை மென்பொருள் சரி என்று கொள்வது அங்கே வழக்கம். குழு அதைத் தலைகீழாக்கச் சொன்னது: சரி என்று காட்டும்வரை பிழை என்றே கொள்ளுங்கள். இனி முடிந்தவரை உண்மைக் கருவிகளை வைத்தே முழு ஓட்டச் சோதனை செய்யுங்கள், பறக்கும்போது தேவையில்லாத எந்தக் கணக்கும் ஓடக்கூடாது என்றும் எழுதியது.

துண்டு துண்டாகப் பார்த்தால் போதாது என்பது அதற்கு முன்னர் தெரியாத விடயமா? தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் சால்ற்சர், றீட், கிளார்க் என்ற மூவர் 1980களின் தொடக்கத்தில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. கணினி வலையமைப்புப் படிப்பவர்கள் இன்றும் அதைத் தாண்டாமல் போக முடியாது. அதில் ஒரு சம்பவம் வருகிறது. பல வலையமைப்புகளை இடையில் நின்ற கணினிகள் இணைத்தன. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தரவு போகும்போது, வழியில் கெட்டதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பரிசோதனை உண்டு. எனவே எல்லாம் பத்திரம் என்று செய்நிரலர்கள் நம்பினார்கள். இடையில் நின்ற கணினி ஒன்றுக்கு ஒரு நோய் வந்தது. வாங்கிய தரவைத் தன் நினைவகத்துக்குள் இடம் மாற்றும்போது சுமார் பத்து இலட்சம் பைட்டுக்கு ஒரு தடவை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிப் போட்டது. பரிசோதனை கம்பியில்தான் இருந்தது, கணினியின் வயிற்றுக்குள் இல்லை. ஒவ்வொரு கட்டமும் பாஸ். போய்ச் சேர்ந்த கோப்பு மட்டும் கெட்டுப்போனது. ஒரு இயங்குதளத்தின் மூலச் செய்நிரல்களே இப்படிச் சிதைந்து, கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளைக் கையில் வைத்து மனிதர்கள் வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. இரண்டு முனைகளிலும் நின்று பார்க்காமல் நடுவில் எத்தனை காவலர் நின்றும் பயனில்லை என்பது அவர்களின் வாதம்.

கூரூவுக்குப் பின்னரும் கதை நிற்கவில்லை. 1999 டிசம்பர் 3ஆம் திகதி செவ்வாயில் இறங்க வேண்டிய நாசாவின் போலார் லேண்டர் காணாமல் போனது. விசாரித்தவர்கள் சொன்ன மிகச் சாத்தியமான காரணம்: இறங்குவதற்குக் கால்களை விரித்தபோது வந்த அதிர்வை, தரை தட்டிவிட்டது என்று மென்பொருள் விளங்கிக்கொண்டு, சுமார் 40 மீற்றர் உயரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டது. கால் விரிக்கும் சோதனையைப் பூமியில் செய்திருந்தார்கள். ஆனால் அன்று உணரிகளின் வயர்கள் பிழையாகப் பூட்டப்பட்டிருந்தன. பிறகு வயரைத் திருத்தினார்கள். சோதனையை மறுபடி செய்யவில்லை.

விண்வெளி நமக்குத் தூரம் என்பவர்களுக்கு அடுத்தது. 2013 ஒக்டோபர் 1. அமெரிக்க அரசு மக்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக்கொடுக்க ஒரு இணையத்தளத்தைத் திறந்தது, ஹெல்த்கெயார் டொட் கவ். பராக் ஒபாமாவின் பெரிய அரசியல் சாதனை அதன் மேல்தான் நின்றது. 36 மாநிலத்து மக்கள் அதில்தான் பதிய வேண்டும். ஒருவர் கணக்குத் திறக்க வேண்டும், அவர் யார் என்று உறுதிப்படுத்த வேண்டும், வரித் திணைக்களத்திடம் வருமானத்தைக் கேட்க வேண்டும், சமூகப் பாதுகாப்புப் பதிவைப் பார்க்க வேண்டும், குடியுரிமை பார்க்க வேண்டும், மானியம் எவ்வளவு என்று கணக்கிட வேண்டும், கடைசியில் காப்புறுதிக் கம்பனிக்கு விபரம் போக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு கம்பனி. மொத்தம் 55 ஒப்பந்தக்காரர்கள்.

முதல் நாள் கடைசிவரை போய்ச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். இலட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, ஆறு பேர். பின்னர் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட உள்ளகக் குறிப்புகளில் அந்த எண் இருந்தது.

ஒக்டோபர் 24ஆம் திகதி ஒப்பந்தக்காரர்களை அழைத்து விசாரித்தார்கள். நம் பாசையில் சொன்னால், ஒவ்வொருவரும் தன் துண்டு சரியாகத்தான் இருந்தது என்றார்கள். பொய் என்று சொல்லமுடியாது, தனித்தனியே பார்க்கும்போது பெரும்பாலும் அப்படித்தான். முழுவதையும் ஒன்றாகப் பூட்டி முனையிலிருந்து முனைவரை எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டதற்கு வந்த பதில், திறப்பதற்கு முந்திய இரண்டு கிழமை. எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்டபோது, மாதக் கணக்கில் என்றார்கள். அந்தச் சோதனையைச் செய்ய வேண்டிய பொறுப்பு யாருடையது? ஒப்பந்தக்காரர்கள் அரச நிறுவனத்தைக் காட்டினார்கள். முழுவதற்கும் பொறுப்பாக ஒரு தனிக் கம்பனியை அமர்த்தாமல் அந்த வேலையை அரச நிறுவனமே தன் கையில் வைத்திருந்தது. வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். தாங்கி போட்டவர் வேறு, பைப் பூட்டியவர் வேறு, மோட்டார் வைத்தவர் வேறு. தண்ணீர் வரவில்லை என்றால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள்.

அங்கே காத்திருந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள். பல வருடம் காப்புறுதி கிடைக்காமல் இருந்தவர்கள் இருந்தார்கள். திருத்த வேறு ஆட்கள் வந்து, இரவுபகலாக வேலை செய்து, டிசம்பரில்தான் தளம் ஓரளவு ஓடியது. அடுத்த வருடம் ஏப்ரலில் சுகாதாரச் செயலாளர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இனி இவ்வளவு பட்ட நாசாவும், நூறு வருட அனுபவம் கொண்ட போயிங்கும் இதே குழியில் விழுவார்களா என்று கேட்பீர்கள்.

2019 டிசம்பர் 20. போயிங் கட்டிய ஸ்டார்லைனர் விண்கலத்தின் ஆளில்லாப் பரீட்சைப் பயணம். அடுத்த தடவை மனிதர்கள் ஏற வேண்டிய கலம். அட்லஸ் 5 ரொக்கெட் நன்றாகக் கொண்டுபோய் விட்டது. ரொக்கெட்டைப் பிரிந்த பிறகு ஸ்டார்லைனர் தன் கடிகாரத்தைப் பார்த்தது. கடிகாரம் 11 மணித்தியாலம் பிழை. ரொக்கெட்டிடமிருந்து நேரத்தை எடுக்க வேண்டிய தருணத்துக்கு முன்னரே எடுத்துவிட்டது. தான் பயணத்தின் வேறொரு கட்டத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு சின்ன இயந்திரங்களைத் தாறுமாறாக எரித்து எரிபொருளைச் செலவழித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் பயணம் அத்தோடு முடிந்தது. கலம் பறந்துகொண்டிருக்கும்போதே தரையில் மென்பொருளைத் துருவியவர்கள் இரண்டாவது வழுவையும் கண்டார்கள். திரும்பும்போது பிரிந்து போகவேண்டிய பின்பகுதி, மனிதர் இருக்கும் பகுதியில் வந்து மோதக்கூடிய வழு. அவசரமாகத் திருத்தி அனுப்பி, டிசம்பர் 22ஆம் திகதி நியூ மெக்சிகோவில் பத்திரமாக இறக்கினார்கள்.

பிறகு போயிங் அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். ஏவுதல் தொடங்கி நிலையத்தைச் சேரும்வரை முழுவதையும் ஒரே ஓட்டமாகச் சோதிக்க 25 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். எனவே பயணத்தைத் துண்டுகளாக வெட்டிச் சோதித்தார்கள். ஒரு துண்டு, ரொக்கெட்டை விட்டுப் பிரிவதோடு முடிந்தது. கடிகாரத்தின் பிழை வெளியே தெரிந்தது பிரிந்த அடுத்த நிமிடங்களில். இந்தத் துண்டில் பார்க்கவில்லை, அந்தத் துண்டில் கடிகாரம் புதிதாகச் சரியாக வைக்கப்பட்டுத்தான் தொடங்கும்.

25 மணித்தியாலம். ஒரு நாளும் ஒரு மணித்தியாலமும். அடுத்த மாதம் போயிங் தன் கணக்கில் 410 மில்லியன் டொலரை இந்தப் பயணத்தை மறுபடி செய்யும் செலவுக்காக ஒதுக்கியது. சோதனைக் கூடத்தில் ஒரு நாள் மின்சாரமும் சில பொறியியலாளர்களின் தூக்கமும் எவ்வளவு வரும் என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை.

விசாரித்த குழு 80 பரிந்துரைகள் கொடுத்தது. முனையிலிருந்து முனைவரையான சோதனை அவற்றில் முக்கியமானது. 2021இல் உண்மைக் கருவிகளை வைத்து, ஏவுவதற்கு முந்திய மணித்தியாலங்களிலிருந்து தரையிறங்கும்வரை, நாட்கணக்கில் ஒத்திகை ஓட்டிப்பார்த்தார்கள். மென்பொருள் தேறியது. அந்த ஆகஸ்டில் ஏவுதளத்தில் நிறுத்தியபோது 13 வால்வுகள் திறக்க மறுத்தன. புளோரிடாவின் ஈரப்பதன் உள்ளே புகுந்து துருவாக்கியிருந்தது. கலத்தை இறக்கி மறுபடி தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். 2022 மே மாதத்தில்தான் அது போய் விண்வெளி நிலையத்தில் சேர்ந்தது.

கூரூவில் சிதறிய கிளஸ்டர் என்னவானது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: மிஞ்சியிருந்த உதிரிப் பாகங்களை வைத்து ஒன்றைக் கட்டினார்கள், பீனிக்ஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு மூன்றைப் புதிதாகக் கட்டினார்கள். 2000ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு இரண்டாக, கசகஸ்தானின் பைகனூரிலிருந்து ரஷ்ய சோயுஸ் ரொக்கெட்டில் ஏற்றினார்கள். இரண்டு வருடத்துக்கென்று போனவை இருபது வருடத்துக்கு மேல் அளந்து அனுப்பின. அவற்றில் சல்சா என்ற செய்மதி 2024 செப்டெம்பர் 8ஆம் திகதி, தென் பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே, முன்கூட்டிக் கணித்த இடத்தில் எரிந்து முடிந்தது.